முதலில் எந்த டிரைவர்?

சனிக்கிழமை பதினொரு மணிவாக்கில் டவுன் ஹாலில் பஸ் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்குள் நுழைந்தால், அட்டைப்பெட்டி ஏற்றிய கைவண்டிகளுக்கும் கேபிள் சுருள்களுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருக்கும். நான் போகிற கடை முதல் மாடியில். கடைக்காரர் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒயிட்ஃபீல்டு, மான்யதா, அவுட்டர் ரிங் ரோடு கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற லேப்டாப்கள் அவரிடம் லாட்டாக வந்து இறங்கும். துடைத்து, பேட்டரி பார்த்து, கீபோர்டில் எழுத்து தேய்ந்திருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்.

“வாம்மா. இன்னைக்குப் பதினெட்டு பீஸ் வந்துருக்கு. அந்த ஓரமா ஒக்காந்து பாரு. கஸ்டமர் வந்தா மட்டும் கொஞ்சம் எடம் வுடு” என்பார்.

என் பையில் ஒரு பென்டிரைவும் கோடு போட்ட ஒரு நோட்டும் இருக்கும். பென்டிரைவில் ஹைக்கு, விண்டோஸ் மாதிரி கணினியை இயக்குகிற ஒரு ஓஎஸ். ஒவ்வொரு லேப்டாப்பிலும் அதைச் செருகி, எதிலிருந்து எழுவது என்று கேட்கிற பூட் மெனுவுக்குப் போய், எழுப்பிப் பார்ப்பேன். ஹைக்கு எழும்போது திரையில் சின்னச் சின்னப் படங்கள் ஒரு வரிசையாக மங்கலாகத் தெரியும். ஒவ்வொன்றாக வண்ணம் ஏறும். கடைசிப் படம் ராக்கெட். நடுவில் வட்டு (டிஸ்க்) படத்தோடு நின்றுவிட்டால், தான் எழ வேண்டிய வட்டை அது கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். நோட்டில் நான்கு கட்டம்: ராக்கெட் வரை வந்ததா, கீபோர்டும் டச்பேடும் கேட்கிறதா, நெட் வருகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா. பிறகு டெர்மினலில் லிஸ்ட்டெவ் என்று அடித்து, உள்ளே இருக்கிற சில்லுகளின் எண்களைக் குறித்துக்கொள்வேன். முதல் நான்கு இலக்கம் தயாரித்தவரைச் சொல்லும். இன்டெலுக்கு 8086, அவர்களுடைய பழைய பிராசஸரின் எண்ணேதான். அடுத்த நான்கு இலக்கம் எந்தச் சில்லு என்று சொல்லும்.

இப்படி ஆறு வருஷமாகச் செய்துவருகிறேன். பகலில் ஒரு கம்பெனியில் ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள்ளேயே இருந்து அதை ஓட்டுகிற நிரல், எழுதுகிறேன். ராத்திரியும் வார இறுதியும் ஹைக்குவுக்கு. ஒரு வன்பொருளோடு ஓஎஸ் பேச உதவுகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பெரிய டிரைவர் எதையும் எழுதியவள் இல்லை. சோதிப்பது, லாக் (மெஷின் தானே எழுதிவைக்கிற குறிப்பு) எடுப்பது, டிக்கெட் போடுவது (குறையைப் பதிவுசெய்வது), சின்னச் சின்னத் திருத்தம் அனுப்புவது, இவைதான் என் வேலை. ஆனால் எந்த வேலையை முதலில் எடுப்பது என்ற கேள்வி எனக்கும் உண்டு. வாரத்துக்கு எட்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். உலகத்தில் இருக்கிற வன்பொருளுக்கோ கணக்கே இல்லை. அந்த எட்டு மணி நேரத்தை எங்கே போடுவது என்பதில் நான் ரொம்ப நாள் தப்பாக இருந்தேன்.

ஹைக்குவைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1990-ல் ழான்-லூயி காஸே ஆப்பிளை விட்டு வந்து பீ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் எழுதிய பீஓஎஸ், ஒரே நேரத்தில் பல வேலை செய்தாலும் தடுமாறாத, பட்டனை அழுத்தியதும் பதில் சொல்கிற ஓஎஸ். 2001-ல் அந்த நிறுவனத்தின் சொத்தைப் பாம் என்ற கைக்கணினி நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதே வருஷம் ரசிகர்கள் சிலர் அதை முதலிலிருந்து திறந்த மூலமாக (யாரும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் முடிகிற மாதிரி) எழுத ஆரம்பித்தார்கள். 2004-ல் அதற்கு ஹைக்கு என்று பெயர் வைத்தார்கள். முதல் ஆல்ஃபா (ஆரம்பச் சோதனைப் பதிப்பு) 2009-ல், முதல் பீட்டா (அடுத்த கட்டச் சோதனைப் பதிப்பு) 2018-ல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னல் முதல் ஜன்னலின் மஞ்சள் தலைப்புப் பட்டை வரை ஒரே கூட்டம் எழுதியது என்பதால் அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் இத்தனை வருஷம்.

பீஓஎஸ்ஸின் கதையே வன்பொருளின் கதைதான். முதலில் அவர்கள் பீபாக்ஸ் என்று சொந்தப் பெட்டி செய்தார்கள், இரண்டு பவர்பிசி 603 பிராசஸரோடு. அது இரண்டாயிரம்கூடப் போகவில்லை. பிறகு ஆப்பிளின் மேக்கில் ஓட்டினார்கள். ஜி3 மேக் வந்தபோது அதன் உள்விவரங்கள் கிடைக்காமல் அந்தப் பாதை அடைபட்டது. 1998-ல் இன்டெல் பக்கம் வந்தார்கள். அங்கே ஒரே மாதிரி இரண்டு பிசி கிடையாது. எந்த மெஷினில் ஓடுவது என்ற கேள்வி ஒரு ஓஎஸ்ஸை எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

ஆரம்பத்தில் நான் செய்த முறை இது: என்னென்ன வேண்டும் என்று ஆட்கள் கேட்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எதை அதிகம் பேர் கேட்கிறார்களோ அதை மேலே போடுவது. பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மேலே வந்தவை கிராபிக்ஸ் வேகம், இரண்டாவது மானிட்டர், மூடினால் தூங்குகிற வசதி, திரையின் வெளிச்சத்தைக் குறைக்கிற பட்டன். எல்லாமே வேண்டியவைதான்.

ஆனால் அந்தத் தாளை எழுதியவர்கள் யார் என்று நான் யோசிக்கவில்லை. அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஹைக்குவை நிறுவி, நெட் வந்து, அதிலிருந்தபடியே பேசுகிறவர்கள். வட்டுப் படத்தோடு நின்றுபோனவர் எதையும் கேட்க மாட்டார். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர் மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஆக, நான் தீவிரமாகக் கூட்டிக் கழித்த அந்தக் கணக்கில் கதவுக்கு வெளியே நின்றவர் ஒருவர்கூட இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தவன் எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷன் பையன்.

நாங்கள் இருப்பது அல்சூரில், ஏரிக்குப் பக்கம். அவன் அப்போது பிசிஏ இரண்டாம் வருஷம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தையல். நான் சொல்லித்தான் எஸ்.பி. ரோடு கடையில் ஒரு லேப்டாப் வாங்கினான், ஏற்கெனவே மூன்று வருஷம் ஓடியது. ஒருநாள் என் மேசையில் ஹைக்கு ஓடுவதைப் பார்த்து, “இது என்ன அக்கா, தொட்டா உடனே தொறக்குது?” என்று கேட்டான். அவன் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தேன். எழுந்தது. வைஃபை வந்தது. டச்பேட் மட்டும் செத்துக் கிடந்தது.

“மவுஸ் வெச்சுக்கோ தம்பி. டச்பேடெல்லாம் மெதுவா வரும்” என்று சொல்லி, என்னிடம் இருந்த ஒரு மவுஸைக் கொடுத்து அனுப்பினேன். என் கணக்கில் அது முடிந்துபோன விஷயம். மாற்று வழி இருக்கிற குறை, பட்டியலின் அடியில் போகிற குறை.

மூன்று வாரம் கழித்து அவன் அம்மாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். பத்துக்குப் பத்து அறை. தையல் மெஷின் ஜன்னலோரம், கட்டிலில் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். தரையில் சுவரில் சாய்ந்து அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப். வலது தொடையில் ஒரு தடித்த புத்தகம், அதன்மேல் மவுஸ். கால் கொஞ்சம் அசைந்தால் புத்தகம் சரிகிறது, மவுஸ் கீழே விழுகிறது, எடுத்து வைக்கிறான். நான் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து நிமிஷத்தில் மூன்று தடவை.

“மவுஸை எங்க அக்கா வெக்கிறது?” என்று சாதாரணமாகத்தான் கேட்டான். குறை சொல்லவே இல்லை.

நான் மவுஸ் கொடுத்தபோது என் மனசில் இருந்தது என் மேசை. அந்த மேசை அவனிடம் இல்லை. அடுத்த வாரம் பழையபடி லினக்ஸ் என்கிற ஓஎஸ்ஸுக்குப் போய்விட்டான். அவன் டிக்கெட் போடவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. நான் மாடியில் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவன் வந்ததும் போனதும் யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து நோட்டைத் திருப்பிப் பிடித்தேன். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மெஷினை முதல்முறை திறக்கிறவர் எந்தப் படியில் தடுக்கி விழுகிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன். எழவில்லை என்றால் மற்ற எதற்கும் பொருளில்லை. எழுந்து, கையால் தொட முடியவில்லை என்றால் அதுவும் எழாததற்குச் சமம். தொட முடிந்து நெட் இல்லை என்றால், கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு மூடிவிடுவார். அவருக்கு என்ன வரவில்லை என்ற தகவலும் நமக்கு வந்து சேராது. சத்தம் இல்லாமல் பலர் இருப்பார்கள். வேகமான கிராபிக்ஸ் இல்லாமல் இன்னும் பலர் இருப்பார்கள்.

வட்டு விஷயத்தில் நல்லது நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். லேப்டாப்களில் சாட்டா என்கிற பழைய வகை வட்டு போய் என்விஎம்இ என்கிற வேகமான வகை வந்த காலத்தில், ஹைக்குவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பென்டிரைவிலிருந்து ஓடும், உள்ளே நிறுவ வட்டே கண்ணில் படாது. 2020 ஜூனில் வந்த இரண்டாவது பீட்டாவில் அதற்கான டிரைவர் வந்தது. அதை முழுக்க முதலிலிருந்து எழுதவில்லை; ஏற்கெனவே வேறு காரியத்துக்காகத் திறந்த மூலமாக எழுதப்பட்ட ஒரு லைப்ரரியை அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். என்விஎம்இ என்பது எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொண்ட ஒரு பொது விதி. எந்தப் பெயர் ஒட்டிய வட்டாக இருந்தாலும் பேசுகிற முறை ஒன்றே. ஒரு டிரைவர், கடையில் அடுக்கி இருக்கிற அத்தனை லேப்டாப்புக்கும் கதவு திறந்தது. யூஎஸ்பி 3 துளைகளை நடத்துகிற எக்ஸ்எச்சிஐ கன்ட்ரோலரும் அப்படித்தான். இந்த மாதிரி பொது விதிப்படி நடக்கிற வன்பொருளில் போட்ட ஒரு மணி நேரம், ஒரே ஒரு சில்லுக்குப் போட்ட நூறு மணி நேரத்துக்குச் சமம் என்று நினைக்கிறேன்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. இங்கே பல வீட்டில் வைஃபை ரௌட்டரே கிடையாது. நெட் என்றால் அப்பாவின் ஃபோன். அந்த ஃபோனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, யூஎஸ்பி டெதரிங் (ஃபோனின் நெட்டை கேபிள் வழியாகக் கொடுக்கிற வசதி) போட்டால் போதும். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் இதற்குப் பெரும்பாலும் பேசுவது ஆர்என்டிஐஎஸ் என்கிற ஒரே பேச்சு. ஹைக்குவில் அதற்கு டிரைவர் வந்த பிறகு, என் நோட்டின் மூன்றாவது கட்டத்தில் பல சிவப்புச் சுழிகள் டிக் ஆயின. வைஃபை சில்லு எதுவாக இருந்தால் என்ன, உள்ளே நுழைய ஒரு வழி கிடைத்துவிட்டது. அதை யாரும் பெரிய சாதனையாகப் பேசி நான் கேட்டதில்லை. என்னைக் கேட்டால், கடந்த சில வருஷங்களில் வந்த மிக நல்ல டிரைவர்களில் அது ஒன்று.

வைஃபையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சின்ன ஓஎஸ் எழுதுகிற எல்லாருக்கும் அது தலைவலி. சில்லுக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி, அதற்குத் தனி ஃபர்ம்வேர், ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு பேச்சு. “லினக்ஸில் எல்லா டிரைவரும் இருக்கிறதே, எடுத்துப் போட்டால் என்ன?” என்று நண்பர்கள் கேட்பார்கள். லினக்ஸ் கர்னலின் உரிமம் ஜிபிஎல்: அதைக் கலந்து வெளியிட்டால் முழுவதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஹைக்கு எம்ஐடி என்கிற தளர்வான உரிமத்தில் இருக்கிறது. அந்த நிரலை ஹைக்குவின் கர்னலுக்குள் கலந்தால் ஹைக்கு தன் உரிமத்தையே மாற்ற வேண்டி வரும். அதனால் ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்ற ஓஎஸ்கள் அடங்கிய பிஎஸ்டி குடும்பத்திடம் போகிறார்கள். அவர்கள் உரிமம் கை கட்டாது. ஃப்ரீபிஎஸ்டியின் நெட்வொர்க் டிரைவரை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, அது கர்னலிடம் கேட்பதையெல்லாம் ஹைக்குவின் பேச்சுக்கு மாற்றித் தருகிற ஒரு அடுக்கு நடுவில் இருக்கிறது. அந்தக் காலத்துத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், மாதிரி. டிரைவருக்குத் தான் வேறு வீட்டில் இருப்பதே தெரியாது.

2022 டிசம்பரில் வந்த நான்காவது பீட்டாவில், ஓப்பன்பிஎஸ்டியிலிருந்து எடுத்த இன்டெல் வைஃபை டிரைவர்களும் சேர்ந்தன. அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் கடைக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது. 8086:2723 என்று எண் காட்டுகிற மெஷின்கள், அதாவது ஏஎக்ஸ்200 கார்டு போட்டவை, அதுவரை எனக்கு வரிசையாகச் சுழிதான். அன்று ஒரே உட்காரலில் ஐந்து மெஷினில் கடையின் வைஃபை பெயர் வந்து நின்றது. கடைக்காரர் டீ சொல்லி அனுப்பினார்.

அதனால் புது டிரைவர் எழுதுவதா, துபாஷி அடுக்கைச் செப்பனிடுவதா என்று கேள்வி வந்தால், நான் அடுக்கின் பக்கம்தான் கை தூக்குவேன். அது பேர் சொல்கிற வேலை இல்லை. மேலே ஃப்ரீபிஎஸ்டி ஒரு மாற்றம் செய்தால் இங்கேயும் ஓடிப்போய்ச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அது உயிரோடு இருக்கும்வரை, வேறு ஊரில் யாரோ எழுதிய டிரைவர்கள் வந்துகொண்டே இருக்கும். ஊர் கூடி இழுக்கிற தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் வேலை அது. அவர் இல்லாமல் தேர் திரும்பாது.

இன்னொரு கட்டுப்பாடும் எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்: கையில் இல்லாத வன்பொருளுக்குக் கை வைப்பதில்லை. இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை, ஒரு லேன் (கேபிள் வழி நெட்) சில்லின் எண்ணை மட்டும் பட்டியலில் சேர்த்தால் போதும், அது முந்தைய மாடலைப் போலவேதான் என்று ஒருவர் எழுதினார். இரண்டு வரி மாற்றம். சேர்த்து நானே பில்டு பண்ணி (ஓடுகிற வடிவமாக்கி) அவருக்கு அனுப்பினேன். அவருக்கு ஓடியது. அவர் அதை நண்பருக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நண்பர் பெரிய ஃபைல் ஒன்றை இறக்கும்போது மெஷின், கர்னலே நின்றுபோனால் வருகிற கர்னல் டீபக்கர் திரைக்குள் விழுந்து நின்றது. சேமிக்காமல் வைத்திருந்த மூன்று மணி நேர எழுத்து போயிற்று. சில்லு பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே இறங்கும் டேட்டாவை அடுக்கும் முறை வேறு. கையில் அந்தக் கார்டு இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் எனக்கே தெரிந்திருக்கும். இரண்டு வரிதான், ஆனால் ‘இது ஓடும்’ என்று ஒருவருக்கு நான் கொடுக்கிற வாக்கு அது. அவர் அதை நம்பித் தன் ஃபைல்களை உள்ளே வைக்கிறார்.

அதிலிருந்து யாராவது ஒரு சாதனத்துக்கு உதவி கேட்டால், முதலில் நான் திருப்பிக் கேட்பது, “இன்னும் ஆறு மாசம் இந்த மெஷின் உங்களிடமே இருக்குமா? நான் பில்டு அனுப்பினால் ஓட்டிப் பார்த்து லாக் அனுப்புவீர்களா?” என்பதுதான். ஆமாம் என்கிறவரின் அரிய சாதனம், பொறுமையில்லாத ஐம்பது பேரின் பொதுச் சாதனத்துக்கு முன்னால் போகும். டிரைவரை எழுதிவிடலாம், அடுத்தடுத்த பதிப்பில் அது உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். எஸ்.பி. ரோடு கடையின் பெரிய உபகாரமும் இதுதான். கம்பெனிகள் ஒரே மாடலை நூற்றுக்கணக்கில் வாங்கி, ஒன்றாகவே கழிக்கின்றன. இந்த வாரம் வந்த மாடல் மூன்று மாதம் கழித்தும் வரும். அதே மெஷினைத் திரும்பத் திரும்பச் சோதிக்கலாம். பிறகு அதை வாங்கிப்போகிறவர்கள் மாணவர்களும் முதல் லேப்டாப் வாங்குகிறவர்களும். இந்த ஊரில் அடுத்து ஹைக்குவுக்கு நிரல் எழுதப்போகிறவன் அநேகமாக அந்த அடுக்கிலிருந்துதான் ஒன்றை எடுத்துப் போவான். நேற்றுச் சந்தைக்கு வந்த மாடலைத் துரத்துவதைவிட அந்த அடுக்கில் நேரம் போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

கிராபிக்ஸைப் பற்றிச் சுருக்கமாக. இப்போதைய மெஷின்களில், ஓஎஸ்ஸுக்கு முன்னால் எழுகிற யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் ஒரு திரையைத் தயார்செய்து கையில் கொடுத்துவிடுகிறது. ஹைக்கு அதன்மேல் பிராசஸராலேயே வரைந்துகொள்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரிகிற தாமதம் இல்லாமல். லினக்ஸில் ஒரு கிராபிக்ஸ் சில்லுக் குடும்பத்தின் டிரைவர் மட்டும் லட்சக்கணக்கான வரிகள். நம்மிடம் இருக்கிற கைகளுக்கு அது கொம்புத்தேன். வெளிச்சம் குறைக்க முடியாதது எனக்கும் ராத்திரியில் கண்ணைக் கரிக்கிறது; இருந்தாலும் திரை இருக்கிறது, காத்திருக்கலாம்.

பழைய மெஷின்களும் காத்திருக்கலாம், வேறு காரணத்தால். எங்கள் தெருவில் பொதுத்துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், 2 ஜிபி நினைவகம் உள்ள டெஸ்க்டாப்பில் ஹைக்கு ஓட்டுகிறார். எல்லாமே வேலை செய்கிறது. அந்தக் காலத்து வன்பொருள் நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டது, மாறவும் போவதில்லை. அவருக்கு நான் செய்ய வேண்டியது, புதுப் பதிப்பு வரும்போது ஒருமுறை ஓட்டிப் பார்த்து எதுவும் கெடவில்லை என்று சொல்வது மட்டும்.

இதுவரை சொன்னதில் என் மனசுக்கு மிகக் கிட்டத்தில் இருப்பதைச் சொல்லவில்லை. ஹைக்குவின் சொந்த நிரல்களில் தமிழ் சரியாக வராது. ஒற்றைக்கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னால் வர வேண்டியது, பின்னால் போய் நிற்கும். எழுத்துகளை இடம் மாற்றி அடுக்குகிற வேலையை அதன் எழுத்து வரையும் பகுதி செய்வதில்லை. க்யூட்டி என்கிற பொது லைப்ரரியை வைத்து எழுதிய நிரல்களில் அந்த வேலையை க்யூட்டி தானே செய்துகொள்வதால் சரியாக வருகிறது. ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால், ஃபைல்களைக் காட்டுகிற ஹைக்குவின் டிராக்கரில் சிதைந்து தெரிகிறது. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போகிறேன். 2009-ல் திறப்பதற்கு முன் அந்தச் சிலை எத்தனை வருஷம் மூடிக் கிடந்தது என்பது இந்த ஊர்த் தமிழர் எல்லாருக்கும் தெரியும். நம் எழுத்து திரையில் முறையாக நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வேறு எதையும்விடப் பெரியது. வாரத்தின் எட்டு மணி நேரத்தையும் அதில் போடத் தோன்றிய நாட்கள் பல. ஆனால் டச்பேட் அசையாத மெஷினில், கொம்பு எங்கே நிற்கிறது என்று பார்க்கக்கூட யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று வைத்திருக்கிறேன். மீதி நாள் டச்பேடுக்கு.

டச்பேட் ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்கலாம். முன்பெல்லாம் அது பிஎஸ்/2 வழியாகப் பேசியது, கீபோர்டைப் போல. இப்போது பெரும்பாலும் ஐ2சி என்கிற இரண்டு கம்பி வழி. அதை எழுப்ப, முதலில் இன்டெல் சில்லுக்குள் இருக்கிற ஐ2சி கன்ட்ரோலருக்கு டிரைவர் வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் அதன் எண் மாறும். பிறகு டச்பேட் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஏசிபிஐ அட்டவணையை (எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்று மெஷின் தரும் பட்டியல்) படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அது அனுப்புகிற தகவலின் அமைப்பை அதனிடமே கேட்டுப் பிரிக்க வேண்டும். கடைசியாக, விரல் பட்டதும் அது பிராசஸரைக் கூப்பிடுகிற கம்பி வேறொரு வழியாக, ஜிபிஐஓ என்கிற சில்லின் கால் (பின்) வழியாக, வந்து சேரும். அதற்கு இன்னொரு டிரைவர். நான்கு பேர் சேர்ந்து தூக்குகிற பல்லக்கு. ஒருவர் இல்லையென்றாலும் நகராது. ஹைக்குவில் ஐ2சி டிரைவர் இருக்கிறது. எல்லா மெஷினிலும் இந்த நான்கும் கூடி வருவதில்லை.

கீழ்வீட்டுத் தம்பியின் லேப்டாப்பை ஒரு ஞாயிறு கேட்டு வாங்கி, லினக்ஸில் ஏசிபிஐ அட்டவணையை இறக்கி, பிரித்துப் படித்தேன். கன்ட்ரோலரின் எண் டிரைவரின் பட்டியலில் இல்லை. சேர்த்தேன், இம்முறை மெஷின் கையிலேயே இருந்தது. கன்ட்ரோலர் எழுந்தது. டச்பேட் தன் பெயரைச் சொன்னது. லாகில் அந்த வரியைப் பார்த்தபோது ராத்திரி ஒன்றரை மணி. ஆனால் விரல் வைத்தால் அம்பு அசையவில்லை. கூப்பிடுகிற கம்பி வந்து சேரவில்லை. இரண்டு வார இறுதி அதிலேயே போயிற்று. பிறகு, அது கூப்பிடும்வரை காத்திருக்காமல் நூறில் ஒரு நொடிக்கு ஒருமுறை நாமே போய், ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி சோதனைக்காக மாற்றினேன். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். முறையான வழி ஜிபிஐஓ டிரைவர்தான். அது வரும்வரை இதை வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பட்டது.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த பில்டைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு கீழே போனேன். அவன் இப்போது ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போகிறான், லேப்டாப் அதேதான். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவன் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து, மடியில் வைத்து, பென்டிரைவைச் செருகினான். படங்கள் ஒவ்வொன்றாக வண்ணம் ஏறின. ராக்கெட் வந்தது. டெஸ்க்டாப் வந்தது. விரலை வைத்தான். அம்பு நகர்ந்தது. இரண்டு விரல் வைத்து இழுத்தான், பக்கம் நகரவில்லை; ஒரு விரலுக்குத் திரும்பினான். மூன்று நான்கு ஜன்னலைத் திறந்து மூடினான். வலது தொடையில் புத்தகம் இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு பாட்டைத் திறந்தான். ஹெட்ஃபோனைச் செருகிக் கேட்டான், கழற்றினான், லேப்டாப்பைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

“அக்கா, ஹெட்ஃபோன்ல வருது. ஸ்பீக்கர்ல வரலையே?”

நான் அங்கேயே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். நான்காவது கட்டம். சவுண்ட் கன்ட்ரோலர் பொது விதிப்படியானது; ஆனால் ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கிற ஆம்ப்ளிஃபையரை எந்தக் கால் எழுப்புகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒலியை மாற்றித் தருகிற கோடெக் சில்லின் எண்ணை அவன் படித்துச் சொன்னான், நான் எழுதிக்கொண்டேன்.